கையில் ஓர் ஓடம், காலில் ஓர் ஓடம்

'மருத்துவப் படிப்பின் முதலாண்டு பற்றிக் கேளுங்கள்; பாம்பன் கரையிலிருந்து போன மாணவி பதில் சொல்வார்' என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்துவிட்டார். எனக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழகத் தேர்வை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்கள். அம்மா கடல்பாசி காயப்போட்டிருக்கும் தார்ப்பாயின் ஓரத்தில், காக்கை விரட்டும் வேலையோடு சேர்த்து இந்த வேலையையும் பார்க்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஓராண்டு படித்தவள், அவ்வளவுதான். மூட்டுவலிக்கும் முடி கொட்டுவதற்கும் மருந்து கேட்டு எழுதியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காத்திருக்கும் நேரத்தில் மீதிக் கடிதங்களுக்கான பதிலைப் படிக்கலாம்.

முதல் நாளே பிணத்தை அறுக்கச் சொல்வார்களாமே? போஸ்ட்மார்ட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மயங்கி விழுந்தால் அனுப்பிவிடுவார்களா? — பிளஸ் டூ மாணவர், தொண்டி

தம்பி, முதலில் ஒரு திருத்தம். போஸ்ட்மார்ட்டம் என்பது ஒருவர் எப்படி இறந்தார் என்று கண்டறிவதற்கு. அது முதலாண்டில் இல்லை. நாங்கள் செய்வது உடற்கூறியல் படிப்பதற்காக, மருந்தேற்றிப் பதப்படுத்திய உடலைத் தோல், கொழுப்பு, தசை, நரம்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது. அதில் ரத்தம் சிந்தாது. ஒரே நாளில் முடியவும் முடியாது, மாதக்கணக்கில் நடக்கும். பெரும்பாலும் தோள், கையில் தொடங்குவார்கள்.

முதல் நாளே கத்தியைக் கையில் தரமாட்டார்கள். சில நாள் அறிமுக வகுப்புகள் நடக்கும். பிறகு அந்தக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஓர் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள்: இந்த உடலை மரியாதையோடு நடத்துவேன், இது எனக்கு முதல் ஆசான் என்ற பொருளில். எங்களில் பாதிப் பேர் உறுதிமொழி சொல்லும்போதே கண்ணைத் துடைத்தோம். பக்தி என்று நினைத்துவிடாதே. உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின். வெங்காயத்துக்கு அண்ணன் அது.

நான் பயந்தேனா? கரையில் பிறந்தவளுக்குக் கத்தியும் செதிலும் பழக்கம்தான். ஏழு வயதில் கணவாய் மீன் உரித்திருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் போனேன். எங்கள் மேசையில் ஒரு பெரியவர். முகத்தை ஈரத்துணியால் மூடியிருந்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை வலது கையை விரித்துப் பிடிப்பது. விரித்தேன். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் வரிசையாகக் காய்ப்பு. என் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது. வலைக்கயிறு இழுத்து வந்தது. அவர் கயிறு இழுத்தவரோ, மண்வெட்டி பிடித்தவரோ, மூட்டை தூக்கியவரோ, எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், 'நீ பிடித்தது போதும், மாற்றிக்கொள்ளலாம்' என்று இரண்டு முறை சொன்னாளாம். எனக்குக் காதில் விழவில்லை. கணவாய்த் திமிர் அதோடு போயிற்று.

மயங்கினால் அனுப்பமாட்டார்கள். எங்கள் வகுப்பில் மூன்று பேர் மயங்கினார்கள். மூன்று பேரும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ.

எலும்புப் பெட்டி, ஸ்டெதஸ்கோப், மடிக்கணினி, புத்தகம் என்று பெரிய பட்டியல் சொல்கிறார்கள். மகள் சேர்ந்துவிட்டாள். கையில் இருப்பது ஒரு ஜோடித் தோடுதான். எதை முதலில் வாங்க? — ஒரு தாய், மண்டபம்

அம்மா, தோட்டைக் கழற்றாதீர்கள்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நானும் அப்படித்தான் படிக்கிறேன். கைச்செலவுதான் நம் பாடு.

வெள்ளைக் கோட்டு இரண்டு. ஒன்றில் ஃபார்மலின் வாடை ஏறிவிடும், மற்றது ஆய்வகத்துக்கு. கத்தி, இடுக்கி உள்ள சின்னப் பெட்டி ஒன்று. கையுறை. இவ்வளவுதான் உடனே வேண்டும். தடித்த புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டு அக்காக்களிடம் பாதி விலைக்கும் கிடைக்கும், அதிலும் முக்கியமான வரிகளுக்கு அவர்களே அடிக்கோடு போட்டிருப்பார்கள். ஸ்டெதஸ்கோப் ரத்த அழுத்தம் பார்க்கும் செய்முறைக்கு வேண்டும், ஆனால் முதல் வாரமே கழுத்தில் மாட்டிக்கொண்டு புகைப்படம் எடுப்பதற்கு வேண்டாம். எலும்புப் பெட்டியை அறைத்தோழிகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

எலும்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொங்கல் விடுமுறைக்குப் படிக்கலாம் என்று நான் அந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பத்தா வாசலிலேயே மறித்துவிட்டார். "யாரோ எவரோ, எந்த ஊர்க்காரரோ. நல்ல நாளும் அதுவுமாக வீட்டுக்குள் வரக்கூடாது." பேசிப் பயனில்லை. வலை போட்டு வைக்கும் கொட்டகையில் இடம் ஒதுக்கினார். நான்கு இரவு அங்கேயே செல்போன் விளக்கில் தொடையெலும்பை வைத்துப் படித்தேன். அதிகாலை மூன்று மணிக்கு வலை எடுக்க வந்த சித்தப்பா என்னைப் பார்த்துப் போட்ட சத்தம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசி நாள் நான் புறப்பட்ட பிறகு, பெட்டி இருந்த இடத்தில் அப்பத்தா ஒரு கட்டிச் சூடம் ஏற்றினாராம். தங்கை சொன்னாள்.

நான் தமிழ் வழியில் படித்தேன். நீட் தேர்வையும் தமிழில்தான் எழுதினேன். அங்கே எல்லாம் ஆங்கிலம் என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்களாக இருக்கின்றன. சமாளிக்க முடியுமா? — மாணவி, சாயல்குடி

இதற்குத்தான் நிறைய எழுத வேண்டும், தங்கையே. என் கதையும் இதுதான்.

முதல் மாதம் ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு எல்லாம் புரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு ரகசியம் தெரிந்தது: இந்தப் பெயர்களில் முக்கால்வாசி ஆங்கிலமே இல்லை. லத்தீனும் கிரேக்கமும். சென்னையில் பெரிய பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அது நமக்கு எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம். அவர்கள் நம்மைவிடத் தைரியமாகத் தப்பாக உச்சரிக்கிறார்கள். வித்தியாசம் அது ஒன்றுதான்.

எனக்கு வழி திறந்தது மணிக்கட்டில். அங்கே எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கும். முதல் எலும்பு ஸ்கேஃபாய்டு. அகராதியைப் புரட்டினால், கிரேக்கத்தில் ஓடம் போன்றது என்று பொருள். எலும்பைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தாத்தா ஓட்டிய வத்தையேதான், நடுவில் குழிந்து, இரு முனையும் தூக்கி. கடைசி எலும்பு ஹாமேட். லத்தீனில் கொக்கி உடையது. ஆமாம், ஒரு பக்கம் தூண்டில் முள் வளைந்து நிற்கிறது. அப்புறம் பாதத்துக்குப் போனோம். அங்கே நேவிக்குலர்: சின்னக் கப்பல். கையில் ஓர் ஓடம், காலில் ஓர் ஓடம். மூக்கின் பக்கச் சுவரில் மூன்று காங்கா இருக்கின்றன. காங்கா என்றால் சிப்பி. காதுக்குள் காக்ளியா: நத்தை ஓடு, இரண்டே முக்கால் சுற்று. மூளைக்குள் ஹிப்போகாம்பஸ்: கடற்குதிரை! மன்னார் வளைகுடாவில் வலையில் தப்பித் தவறி மாட்டினால் திருப்பிக் கடலில் விட வேண்டும், பிடித்தால் வழக்கு என்று அப்பா சொல்வாரே, அதே கடற்குதிரை. புதிதாகக் கேட்டதை நினைவில் பதிய வைப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. படம் வரைந்து பார், வால் சுருண்டிருப்பதுகூடத் தெரியும்.

பெயர் வைத்த ஐரோப்பியர்கள் கடற்கரையில் உட்கார்ந்து வைத்தார்களோ என்று அன்று இரவு எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்வதைக் குறைத்துவிட்டேன். ஒரு நோட்டு. இடப்பக்கம் பெயர், நடுவில் அதன் வேர்ப்பொருள், வலப்பக்கம் எனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பொருளின் தமிழ்ப்பெயர்.

ஆனால் இந்த உற்சாகத்தில் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் மணிக்கட்டின் பிசிஃபார்ம் எலும்பைக் காட்டி, "ஏன் இந்தப் பெயர்?" என்றார். பிளஸ் டூ விலங்கியலில் பிஸ்சஸ் என்றால் மீன்கள். நான் துள்ளிக்கொண்டு, "மீன் வடிவம், ஐயா" என்றேன். அவர் அந்த உருண்டை எலும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் மீன் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "பேத்தை இருக்கிறது, ஐயா. வயிறு உப்பினால் இப்படித்தான் இருக்கும்" என்றேன். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு சொன்னார்: பிசும் என்றால் பட்டாணி. பட்டாணி வடிவம். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் பட்டாணி. ஆனால் ஒன்று, அந்த எலும்பை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

புரியவில்லை என்றால் கையைத் தூக்கு. பேச்சு ஆங்கிலம் வரவில்லை என்றால் பாதித் தமிழில் கேள். யாரும் கடிக்கவில்லை.

விடுதிக்குக் கருவாடு கொண்டுபோகலாமா? — மாணவி, ஏர்வாடி

கொண்டுபோகலாம். இரண்டு டப்பாவில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து. என் அறைத்தோழிகள் இருவரும் மேற்கு மாவட்டத்துக்காரர்கள். நாள் முழுக்க ஃபார்மலினில் நின்றுவிட்டு வந்தவர்கள், என் அம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலிக்கு மூக்கைப் பொத்தினார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள்கள், "ஊருக்குப் போனால் அந்த டப்பா..." என்று இழுத்தார்கள். நான் மறந்தவள்போல இருந்தேன். கொஞ்ச நாள்தான்.

ராகிங் உண்டா? உண்மையைச் சொல்லுங்கள். — பெயர் வேண்டாம், உச்சிப்புளி

என் கல்லூரியில் எனக்கு அடி, அவமானம் எதுவும் நேரவில்லை. ஒரு முறை சீனியர் ஒருவர் வராந்தாவில் நிறுத்திப் பாடச் சொன்னார். நான் பாடினேன், அவர்தான் வருத்தப்பட்டார். ஆனால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விருப்பமில்லாதவரைப் பாடச் சொல்வதும் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997-இலேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அது வருவதற்கு ஒரு மருத்துவ மாணவரின் உயிர் போக வேண்டியிருந்தது. தேசிய உதவி எண் 1800-180-5522. கட்டணமில்லை. கைப்பேசியில் இப்போதே பதிந்து வை. வீட்டில் சொல்ல வெட்கப்படாதே.

மகள் சேர்ந்து ஐந்து மாதம். முதல் உள்தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டாள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல். தினமும் போனில் அழுகிறாள். நான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிடவா? — ஒரு தந்தை, மண்டபம்

ஐயா, வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

என் முதல் உள்தேர்வில் உடலியலில் நான் எடுத்தது நூற்றுக்கு 31. நானும் பள்ளியில் முதல்தான். அங்கே வருகிற எல்லோரும் ஏதாவது ஒரு பள்ளியில் முதல். அத்தனை முதல்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் யாராவது கடைசியாகத்தானே வேண்டும்?

அது உள்தேர்வு. ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகத் தேர்வு உடற்கூறியல், உடலியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் வரும். தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். அதில் தவறினாலும் துணைத்தேர்வு உண்டு. முதலாண்டைத் தாண்ட மொத்தம் நான்கு வாய்ப்புகள். மகளின் மதிப்பெண்ணைவிட வருகைப்பதிவைக் கேளுங்கள். எழுத்து வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. அழுதுகொண்டு அறையிலேயே படுத்துவிடும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அழுதாலும் வகுப்பில் போய் அழட்டும்.

போனில் என்ன பேசுவது என்கிறீர்கள். என் அப்பாவும் விசைப்படகுதான். 31 என்று சொன்ன இரவு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எத்தனைக்கு?" என்றார்.

"நூற்றுக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மற்ற பிள்ளைகள்?"

"நாற்பது பேர் தேறவில்லை அப்பா."

"நாற்பது படகுக்கும் பாடு இல்லையா? அப்படியானால் அன்றைக்குக் கடலில் மீன் இல்லை" என்றார். பிறகு, கச்சான் காற்று ஓயவில்லை, நகரை மீன் விலை இறங்கிவிட்டது, டீசல் போட்ட காசுகூட வரவில்லை என்று கால் மணி நேரம் பேசினார். மதிப்பெண்ணைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நானும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்களுக்கு 61 நாள் இருக்கும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என் அப்பா வந்தார். கல்லூரி வாசலில் இருந்த மருந்துக்கடை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், உள்ளே வர மறுத்துவிட்டார். வெள்ளைக் கோட்டோடு நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். அதை மட்டும் நான் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறேன்.

நம் ரத்தத்தை நாமே குத்தி எடுக்க வேண்டுமாமே? — மாணவி, கீழக்கரை

ஆமாம். உடலியல் செய்முறையில் விரல் நுனியைக் குத்தி, ரத்த அணுக்களை எண்ண வேண்டும், ரத்த வகை பார்க்க வேண்டும், ஹீமோகுளோபின் அளக்க வேண்டும். முதல் குத்து மட்டும்தான் கஷ்டம். பக்கத்திலிருப்பவள் உன் கையைப் பிடித்துக் குத்துவதற்குள் நீயே குத்திவிடு.

ஹீமோகுளோபினை அளப்பது பழைய சாலி முறையில். குழாயில் அமிலத்தோடு ரத்தத்தைக் கலந்தால் பழுப்பாகும்; பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். எனக்கு ஐந்தாறு சொட்டுக்கு முன்பே ஒத்துப்போய்விட்டது. 9.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். தப்பாகச் செய்துவிட்டேன் என்று இரண்டாவது முறை குத்தினேன். அதே 9.4. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதை, புது இடம், புதுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இரும்புச் சத்து மாத்திரை தொடங்கினேன். அடுத்த விடுமுறையில் அம்மாவைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விடியற்காலையிலிருந்து கழுத்தளவு நீரில் மூழ்கி மூழ்கிப் பாசி எடுக்கிறவர். அவருக்கு 8.1. "எல்லோருக்கும் இப்படித்தான் தலை சுற்றும்" என்றார். அவரோடு பாசிக்குப் போகும் எல்லோருக்கும் சுற்றுகிறது, அதனால் அது நோயில்லை என்பது அவர் கணக்கு.

திருக்கை முள் குத்தினால் காலை வெந்நீரில் வைக்கச் சொல்வார் என் தாத்தா. நீங்கள் படித்ததில் இது சரியா, மூடநம்பிக்கையா? — பாம்பன் வாசகர்

நம் ஊர்க்காரர் சரியான கேள்வி கேட்டுவிட்டார்!

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் முட்டை வெள்ளைக்கருக் கரைசலைச் சோதனைக்குழாயில் எடுத்து மேல்பாதியை மட்டும் சூடாக்கினோம். மேலே பால்போல் திரண்டது, கீழே தெளிவாகவே இருந்தது. புரதம் சூட்டில் தன் உருவை இழந்துவிடும், உரு போனால் வேலையும் போகும் என்றார் ஆசிரியர். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் என் தாத்தாவின் வெந்நீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கை நஞ்சும் புரதம்தான், சூட்டுக்குத் தாங்காதது. விடுதிக்கு வந்து தேடிப் படித்தேன். மருத்துவ நூல்களும் அதையே சொல்கின்றன: சுமார் 45 டிகிரி, பொறுக்கக்கூடிய சூடு, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். கொதிக்கும் நீர் இல்லை. வலியில் துடிக்கிறவருக்குச் சூடு தெரியாது. நல்ல ஆள் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும்.

ஆனால் தாத்தா அத்தோடு நிறுத்திவிடுவார். நிறுத்தக்கூடாது. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். எனவே வெந்நீருக்குப் பிறகு ஆஸ்பத்திரி. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. அப்படியே கொண்டுபோக வேண்டும். இதை ஓராண்டு மாணவி சொன்னாள் என்று விட்டுவிடாமல் சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்திலேயே கல்லூரி இருக்கும்போது ஏன் வெளியூர் போனீர்கள்? ஊரில் இப்போது உங்களை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்களா? — வாசகி, தேவிபட்டினம்

ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, நூறு இடம். கலந்தாய்வில் என் முறை வந்தபோது எனக்குரிய பிரிவில் அங்கே இடம் தீர்ந்திருந்தது. கிடைத்த இடத்துக்குப் போனேன். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்துக் கொடுத்து, "டாக்டரம்மா, இது எதற்கு?" என்றார். பெயரைப் படித்தேன். அது என்ன மருந்து, எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் இரண்டாம் ஆண்டுப் பாடம். "இன்னும் படிக்கவில்லை பாட்டி. ஆனால் இதில் போட்டிருக்கும் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, சாப்பிடாதீர்கள்" என்றேன்.

"தேதியை மளிகைக்கடைப் பையனே பார்த்துச் சொல்வானே. ஒரு வருஷமாக என்னதான் படித்தாய்?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருந்த பள்ளத்தை அழுத்திக் காட்டி, இதற்குள் ஓர் ஓடம் இருக்கிறது என்றேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்று காலை தெருக்குழாயடியில் நான்கு பெண்கள் தங்கள் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.